மாடு மேய்ந்த நிலத்தில் உழாமல் நடவு: கேள்வி பதில்

புக்கிட் மெர்தாஜம்: அப்பா மாடு வளர்த்த ஓர் ஏக்கர் சும்மா கிடக்கிறது. உழாமல் சோளம் போடலாமா அக்கா?

போடலாம் தம்பி, ஆனால் முதலில் புல் சாக வேண்டும். உயிருள்ள புல்லுக்கு நடுவே விதைத்தால் தண்ணீரையும் சத்தையும் புல்லே எடுத்துக்கொள்ளும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, புல் சோர்ந்திருக்கும். அப்போது ஒரு மூலையை மட்டும் ஒட்ட வெட்டிக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடுங்கள். ஏப்ரல் மழையில் விரிப்பை எடுத்துவிட்டு, குச்சியால் குழி போட்டு விதையுங்கள். மாடு மிதித்த மண் இறுகியிருக்கும்; கம்பியைக் குத்திப் பாருங்கள், அது இறங்காத இடத்தில் நடும் வரிசையை மட்டும் கடப்பாரையால் நெம்பி விடுங்கள். செத்த வேர் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், சோளம் மஞ்சளாகும். தட்டைப்பயறு காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் முதல் பயிராக அதுதான் என் விருப்பம்.

கப்பாளா பத்தாஸ்: லாலாங் களைப்புல்லை எரித்துவிட்டு நடலாமா?

வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாது, முதலில் துளிர்ப்பதும் அதுதான். திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம்.

பட்டர்வொர்த்: பாராகுவாட் களைக்கொல்லி அடிக்கலாமா?

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. உடலுக்குள் போனால் முறிவு மருந்தே இல்லை. பழைய புட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் வைக்காதீர்கள்.

நிபோங் திபால்: லாலாங் இருந்தால் ஒருமுறையாவது உழத்தான் வேண்டும். எஸ்டேட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஐயா, வெயில் காலத்தில் திரும்பத் திரும்ப உழுது தண்டைக் காயவிட்டால் லாலாங் சாகும், அதை ஏற்கிறேன். ஒரே ஒரு உழவு என்றால், அறுபட்ட துண்டுகள் தனித்தனியாக முளைக்கும். சரிவு நிலமாக இருந்தால் மேல்மண்ணும் மழையோடு போகும். லாலாங்குக்கு ஆகாதது நிழல். ரப்பர் மரம் கூடி நிழல் விழுந்ததும் அது ஒழிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மூடுபயிர்க் கொடி விடுவதில் அந்தப் பலனும் உண்டு. லாலாங்கைப் பலகையால் மிதித்துப் படுக்கவைத்து, முக்குனா என்ற மூடுபயிர்க் கொடியை மேலே ஏற்றுங்கள்.

புக்கிட் ஜாலில்: மாடித் தொட்டியில் தக்காளி வாடுகிறது.

தொட்டிச் செடி எனக்குப் பழக்கமில்லை, நர்சரியில் கேளுங்கள்.

சுங்கை பக்காப்: எரித்தால் சாம்பல் உரம்தானே?

மேலே சொல்லிவிட்டேன். எரிக்காதீர்கள்!

நிபோங் திபால்: கொடி மூடும்வரை வருமானத்துக்கு என்னம்மா செய்வது?

நியாயமான கேள்வி ஐயா. லாலாங் இல்லாத பகுதியை மூடிப் புல்லைச் சாகவிட்டு, சர்க்கரைவள்ளிக் கொடியை நடுங்கள். அறுவடையில் எப்படியும் மண்ணைக் கிளற வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். கிளறவே வேண்டாம் என்றால் பூசணி போடுங்கள்.