கடற்கொள்ளையரிடம் சிக்கியவரே சொன்ன பழைய பதிவு, மதுரைத் தொடர்போடு ஏதாவது உண்டா?

உண்டு, மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா சொன்னது. 1340-களில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது, இவரும் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பிறகு கப்பலேறிக் கொல்லம் போய், அங்கிருந்து இன்றைய கர்நாடகக் கரையிலுள்ள ஹொன்னாவருக்குப் புறப்பட்டார்.

வழியில் ஒரு சிறு தீவருகே 12 கப்பல்கள் வளைத்துக்கொண்டன. இலங்கை அரசர் கொடுத்த மாணிக்கங்கள், துணிமணி, வழிச்சாப்பாடு எல்லாம் போச்சு. மிஞ்சியது கால்சட்டை மட்டும்! கோழிக்கோட்டில் பள்ளிவாசலுக்குள் போய் நின்றவருக்கு ஒருவர் உடை அனுப்பினார், காஜியார் தலைப்பாகை கொடுத்தார், ஒரு வணிகர் இன்னொரு உடை தந்தார்.

இது பத்தாண்டு கழித்து மொராக்கோவில் அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது; 1355-ல் முடிந்தது. அதனால் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்திய ஆசிய நகரான புகாராவில் கல்லறை வாசகங்களைப் பார்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அந்தக் கொள்ளையில்தான் போயின என்று அவரே புலம்புகிறார்.