பீஸ் திட்ட மானியம்: எனர்ஜி ஆடிட் முதல் மோட்டார் வரை கேள்வி பதில்

குறு, சிறு, நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தமிழக அரசு தரும் மானியம் பீஸ் (PEACE). மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும்.

திருப்பூர், நிட்டிங் யூனிட்: மொத்தம் எவ்வளவு வரும்?

எனர்ஜி ஆடிட், அதாவது மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து அறிக்கை தரும் ஆய்வு; அந்தச் செலவில் 75 சதவீதம், உச்சம் 1 லட்சம் ரூபாய். அறிக்கை சொன்னபடி இயந்திரத்தை மாற்றினால் அந்தச் செலவில் 50 சதவீதம், உச்சம் 10 லட்சம். இரண்டுமே நீங்கள் செலவழித்த பிறகு திரும்ப வருபவை. ஆகவே கைமுதல் வேண்டும். ஆடிட் செய்பவர் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) சான்று பெற்றவராக இருக்க வேண்டும். உங்கள் கணக்கு ஆடிட்டர் இல்லை.

முக்கியமாக ஒன்று: ஆடிட் முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். பழைய மோட்டார் ஓடும்போது எடுத்த கிலோவாட் அளவுதான் மிச்சத்துக்குச் சாட்சி. அதை எடைக்குப் போட்டுவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. கழற்றும் முன் நேம் பிளேட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

சென்னை, துணிக்கடை: எங்களுக்கு உண்டா?

இல்லை, இது உற்பத்தி நிறுவனங்களுக்கு. ஃபேன்களை பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) வகைக்கு மாற்றுங்கள். 75 வாட் இழுப்பது 30 வாட்டுக்கு இறங்கும்.

கரூர், தறிக்கூடம்: சோலாருக்கு?

அது மின் உற்பத்தி, பீஸ் மின் சிக்கனத்துக்கு. சோலார் மானியங்களைத் தனியாக விசாரியுங்கள்.

சிவகாசி, அச்சகம்: ஆடிட்டுக்கு முன் நாங்களே பார்க்க வேண்டியது என்ன?

கம்ப்ரசர். விடுமுறை நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரிலிருந்து காற்று லைனுக்குப் போகும் வால்வை மட்டும் திறந்து வைத்து கம்ப்ரசரை ஓட்டுங்கள். லோடில் (காற்றை அழுத்தி) ஓடும் நேரத்தையும் அன்லோடு (சும்மா சுற்றும்) நேரத்தையும் குறியுங்கள். 90 விநாடி லோடு, 210 விநாடி அன்லோடு என்றால் 300க்கு 90, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 30 சதவீதம் கசிகிறது. 6 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும். ஹோஸ் கிளாம்ப், குவிக் கப்ளர், ஆட்டோ டிரெயின் (லைனில் சேரும் தண்ணீரைத் தானே வெளியேற்றும் வால்வு) மூன்றிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். இதற்கு மானியமே தேவையில்லை.

ஈரோடு: போன மாதமே மோட்டார் வாங்கிவிட்டேன், விண்ணப்பிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோவை, பம்ப் பாகங்கள்: 10 எச்.பி. மோட்டார் எரிந்துவிட்டது. ரீவைண்ட் (கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றுதல்) செய்வதா, ஐ.இ.3 மோட்டார் வாங்குவதா?

ஐ.இ. என்பது மோட்டாரின் திறன் தரம், எண் கூடினால் திறன் கூடும். 10 எச்.பி., அதாவது 7.5 கிலோவாட், 4 போல் (சுமார் 1,500 சுற்று) மோட்டாருக்கு ஐ.இ.1 திறன் 86 சதவீதம், ஐ.இ.3 திறன் 90.4. முழு லோடில் 0.42 கிலோவாட் வித்தியாசம். வருடம் 6,000 மணி நேரம் ஓடினால் சுமார் 2,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 20,000 ரூபாய். வாங்குங்கள்.

கோவை, ரீவைண்டிங் கடை: எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள். ஒழுங்காகச் சுற்றினால் திறன் குறையாது.

ஒழுங்காகச் சுற்றினால் குறையாது, உண்மைதான். பழைய வைண்டிங்கை எடுக்க நேரடித் தீயில் சுட்டால் கோர் தகடுகளின் இன்சுலேஷன் கருகி, இரும்பு இழப்பு (கோரில் வெப்பமாக வீணாகும் மின்சாரம்) ஏறும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஓவன் இருக்கும் கடையில் கொடுங்கள். லோடு இல்லாமல் ஓட்டி, இழுக்கும் கரண்டை எழுதி வாங்குங்கள்.

ஈரோடு: டீலர் பில் தேதியை மாற்றித் தருவதாகச் சொல்கிறார்.

கூடவே கூடாது. ஜி.எஸ்.டி. கணக்கில் அந்த பில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். பொய் ஆவணம் கொடுத்தால் மானியத்தோடு போகாது, வழக்கும் வரும்.

ரீவைண்டிங் கடை: ஐ.இ.3 போட்ட ஒரு மில்லில் பில் குறையவே இல்லை. அதற்கென்ன சொல்கிறீர்கள்?

ஓடுவது ஃபேனோ பம்போ என்றால் அப்படி நடக்கும். உயர்திறன் மோட்டாரில் ஸ்லிப் (வேகம் பின்தங்கும் அளவு) குறைவு, அதனால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடியது 1,465க்குப் போனால் ஃபேன் கேட்கும் பவர், வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப, 5 சதவீதம் ஏறும். திறனில் மிச்சமானதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெல்ட் டிரைவ் என்றால் மோட்டார் புல்லியை அந்த விகிதத்தில் சின்னதாக்குங்கள். நேரடி கப்ளிங் என்றால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் குறைக்கும் மின்னணுக் கருவி), அல்லது இம்பெல்லர் டிரிம் (பம்பின் சுழல் சக்கர விட்டத்தைக் குறைப்பது).

கோவை, பம்ப் பாகங்கள்: எனக்கு ஒரே ஷிப்ட், பாதி லோடு.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2,400 மணி நேரம், அதுவும் பாதி லோடு என்றால் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் மிச்சம். நல்ல கடையில் ரீவைண்ட் செய்யுங்கள். பாதி லோடுதான் என்று ஆடிட்டில் உறுதியானால், அடுத்த முறை 7.5 எச்.பி. போதுமா என்று கேளுங்கள்.