பழைய எம்ஜிபி காரில் சார்ஜ் விளக்கு அணையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா? நாமே மாற்ற முடியுமா?

கேட்டவர் இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறார். எஞ்சின் ஓடும்போதும் சிவப்பு விளக்கு எரிகிறது, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்கிறார்.

ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. அதை நீங்களே மாற்றலாம், ஒரு காலை நேர வேலைதான். ஆனால் புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் போடும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். நானும் 1970களின் தொடக்கத்தில் வந்த குரோம் பம்பர் எம்ஜிபிதான் வைத்திருக்கிறேன். இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பங்கு பெல்ட்டுக்கும், மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த்துக்கும், வயர் இணைப்புகளுக்கும் உரியது. இதன் மின்பாகங்களைத் தயாரித்தது லூகாஸ் நிறுவனம். ‘லூகாஸ் எலெக்ட்ரிக்கல் என்றாலே அப்படித்தான்’ என்று இங்கே பலரும் சொல்வார்கள். ஐம்பது ஆண்டு மழையும் குளிரும் பார்த்த இணைப்புகளைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டு, தயாரித்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை என்பேன்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரின் உள்ளே சுழலும் பாகமான ரோட்டரைக் காந்தமாக்கி வேலையைத் தொடங்கி வைக்கிறது. அதனால் எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், பழுப்பு-மஞ்சள் வயர் அறுந்திருக்கலாம், ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது முழுப் பிரகாசத்தோடு எரிந்தால் ஆல்டர்னேட்டர் எதையும் தரவில்லை என்று பொருள். மங்கலாக மினுக்கினால் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது பழுப்பு வயர் பாதையில் எங்கோ வோல்ட் இறங்குகிறது.

ஓட்டிக்கொண்டு போகும்போது திடீரென்று அந்த விளக்கு வந்தால் உடனே ஓரம் கட்டி போனட்டைத் திறந்து பாருங்கள். இந்த வண்டியில் தண்ணீர் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரியை விட எஞ்சினுக்குத்தான் முதல் ஆபத்து.

இனி அளவு. இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கி மூடியைத் திறந்தால் பேட்டரி தெரியும். உங்கள் ஆண்டு வண்டியில் தொழிற்சாலை வைத்தது தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். முன்பு வைத்திருந்தவர் ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருக்கவும் கூடும். நின்ற நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு மறுபடி அளந்தால் சுமார் 14 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் ஆல்டர்னேட்டருக்கு நோயில்லை, அப்போது உங்கள் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

குறைவாக வந்தால் இன்னும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் எர்த் சரியில்லை. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அதை பாடியோடு இணைப்பது ஒரு பின்னல் பட்டைதான். கிளட்ச் வேலைக்கு எஞ்சினை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறி உறை உருகுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் புது ஆல்டர்னேட்டர் போட்ட பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். கடைசியில் துருப்பிடித்த அந்தப் பட்டையைச் சுரண்டி இறுக்கியதும் எல்லாம் சரியானது. வாய்க்காலில் அடைப்பை வைத்துக்கொண்டு மதகை மாற்றி என்ன பயன்? இதே போல ஆல்டர்னேட்டரின் தடித்த பழுப்பு வயர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டில் இருக்கும் இணைப்புகளைக் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘சார்ஜ் ஆகிறதா பார்க்கலாம்’ என்பது ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி டையோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் குற்றவாளி ஆல்டர்னேட்டர்தான் என்றால் கழற்றலாம். முதலில் பேட்டரியின் எர்த் வயர். அந்தப் பழுப்பு வயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒரு பக்கம் அதிலும் மறுபக்கம் எஞ்சினிலும் பட்டால் தீப்பொறியோடு நிற்காது. எம்ஜிபியில் ஆல்டர்னேட்டர் இருப்பது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், முன்னால். கார்புரேட்டர்களும் சைலன்சர் குழாயும் எதிர்ப்பக்கம் என்பதால் கை வைக்க நல்ல இடம் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்பக்க வயர் பிளக்கை நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் இரண்டு போல்ட், மேலே பெல்ட்டை இறுக்கும் பட்டையில் ஒன்று. ஸ்பேனர் அங்குலக் கணக்கில் இருக்க வேண்டும். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காருவது போலத் தெரியும், பிடிவாதமான நட்டில் மூலைகளை வழித்துவிடும்.

கழற்றிய லூகாஸ் ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்க பிளாஸ்டிக் மூடிக்குள் பிரஷ் பெட்டியும் ரெகுலேட்டரும் இருக்கின்றன, இரண்டும் இன்றும் தனியாகக் கிடைக்கின்றன. தேய்ந்தது பிரஷ் மட்டும் என்றால் அதை மாற்றினாலே போதும். பேரிங் சத்தம் போட்டாலோ டையோடு போயிருந்தாலோதான் முழுதாக மாற்றுவேன். அப்போதும் பழையதையே புதுப்பித்துத் தருபவரிடம் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. எம்ஜி தொழிற்சாலை இருந்த அபிங்டனில் 1980 வரை செய்த வண்டிக்கு உரிய பாகம் அதுதான், அளவும் பிசகாது.

புதிது வாங்கினால் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) பெரும்பாலும் பழையதிலிருந்துதான் எடுத்து மாட்ட வேண்டும். நட்டைக் கழற்றும்போது ஷாஃப்டில் புல்லியைப் பிடித்து வைக்கும் அரைவட்ட உலோகத் துண்டு (கீ) தெறித்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று முன்னாலிருந்து நேர்க்கம்பி வைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் வாஷர் கொடுத்து நகர்த்துங்கள். கோணலாக ஓடும் பெல்ட் சீக்கிரம் நார்நாராகிவிடும்.

பெல்ட்டை இறுக்க நெம்பும்போது கம்பியை ஆல்டர்னேட்டரின் முன்பக்க மூடியில் மட்டும் வையுங்கள். பின்பக்கம் நெம்பினால் அலுமினியம் விரிசல் விடும். நீளமான பக்கத்தின் நடுவே விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தண்ணீர் பம்பின் பேரிங் தேயும்.

‘அதிக ஆம்பியர் போடலாமா?’ என்று அடுத்து யோசிப்பீர்கள். லூகாஸின் 16ஏசிஆர் மாடல் 34 ஆம்பியர் தந்தது, 17ஏசிஆர் மாடல் 36. ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மட்டும் என்றால் அது தாராளம். எஞ்சினைக் குளிர்விக்க மின்விசிறி, ரேடியோ, கூடுதல் விளக்கு என்று சேர்த்திருந்தால் பெரியதாகப் போடுங்கள். ஆனால் பழைய பழுப்பு வயரோடு இணையாக இன்னொரு தடித்த வயரையும் சொலினாய்டு வரை இழுத்துவிடுங்கள்.

1967 இறுதிக்கு முந்தைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றில் டைனமோவும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடம்போடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த்தும் இருந்தன. ஆல்டர்னேட்டருக்கு மாறும் முன் பேட்டரி முனைகளையும், எஞ்சின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் முதலில் எடுத்த அளவுகளை அதே இடங்களில் மறுபடி எடுத்துக் குறித்து வையுங்கள். பெல்ட்டும் புதிது என்றால் நூறு மைல் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புது பெல்ட் கொஞ்சம் இளகும்.