வட்டத்துக்கே 360 டிகிரிதான், 405 எப்படி?

கேள்வி: 405 டிகிரி, மைனஸ் 315 டிகிரி, இரண்டுமே 45 தான் என்கிறார் சார். எப்படி? (பிளஸ் ஒன் மாணவி, புளியரை)

பதில்: முக்கோணவியலில் கோணம் என்பது சுழற்சி, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் காற்றாலை பார்த்திருப்பீர்களே, அதன் இறக்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மேலும் 45 டிகிரி நகர்ந்தால் மொத்தம் 405, ஆனால் வந்து நிற்பது வெறும் 45 நகர்ந்திருந்தால் எங்கே நிற்குமோ அதே இடத்தில்தான். கடிகாரம் சுற்றும் திசையில் போனால் மைனஸ், எதிர்த்திசை பிளஸ். கடிகாரத் திசையில் 315 போனாலும் அங்கேதான் வந்து சேரும்.

சார் ‘45 தான்’ என்றது முடிவுக் கதிரை, அதாவது சுழன்று முடித்து வந்து நிற்கும் கோட்டை வைத்து. சுழற்சியின் அளவு வேறு வேறுதான், ஆனால் கதிர் ஒன்றாக இருப்பதால் சைன், காஸ் மதிப்புகள் மாறாது, சைன் 405 கேட்டால் தயங்காமல் 1/√2 எழுதலாம்.

அதே கதிரில் நிற்கும் வேறு கோணம் கண்டுபிடிக்க வழி சுலபம், 360ஐக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள், ரேடியனில் 2π. மைனஸ் 1000 வந்தால் நிறையப் பேர் 720 கூட்டி மைனஸ் 280இல் நின்றுவிடுகிறார்கள். அதுவும் அதே கதிர்தான், சரி, ஆனால் 0 முதல் 360க்குள் கேட்டிருந்தால் இன்னொரு 360 கூட்டி 80 என்று முடிக்க வேண்டும்.