வீட்டில் கிடக்கும் பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற என்ன வாங்க வேண்டும்? (சிங்கப்பூரில் இருக்கிறேன்)

பிளேயர். காசு செலவழிப்பதென்றால் அதில் செலவழியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நான் தலைகீழாகத் தொடங்கினேன். அம்மா அப்பாவின் 1989 கல்யாண கேசட்டுக்காக டேப்பின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் மலிவான யூஎஸ்பி கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, மாமா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டெக்கை, அதாவது விஎச்எஸ் பிளேயரை, எடுத்துவந்து, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருகினேன். படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருண்டது. "போச்சுடா" என்று அம்மா எழுந்து போய்விட்டார். கேசட்டில் கோளாறில்லை. மென்பொருள் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் இருந்தது. இங்கேயும் மலேசியாவிலும் இந்தியாவிலும் எடுத்த கேசட்டுகள் பிஏஎல் முறை: 625 வரி, நொடிக்கு 25 படம். அதை மாற்றியதும் கூறைப்புடவைக்கு நிறம் வந்தது. அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட் ஏதும் இருந்தால், அதற்கு இரண்டு முறையும் ஓட்டும் பிளேயர் தேவை.

அடுத்த தொல்லை ஒலி. முக்கால் மணி நேரம் ஓடியபின், அப்பா தாலி கட்டி முடித்துக் கையை எடுத்த பிறகுதான் கெட்டிமேளமே கேட்டது! பழைய டேப்பிலிருந்து வரும் படத்தின் வரிகள் சீரான நேரத்தில் வராது. மலிவான கருவி தடுமாறிச் சில படங்களை விட்டுவிடும். ஒலியோ நிற்காமல் ஓடும். இந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகையான எஸ்-விஎச்எஸ்ஸின் சில உயர்ரகப் பிளேயர்களுக்குள்ளேயே உண்டு, ஆனால் விலை கையைக் கடிக்கும். நான் செய்தது குறுக்கு வழி: பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டரைக் கேரோசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் பிடித்து, பிளேயருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே வைத்தேன். அதில் எதையும் பதிவு செய்வதில்லை, சிக்னல் அதன் வழியே போனாலே போதும். கோணிக்கொண்டிருந்த படத்தின் மேல்பகுதியும் நேராகிவிட்டது.

புதிய பிளேயர் தேடி அலையாதீர்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு அந்தக் கதை முடிந்தது. பழைய சாமான் என்றால் நம் ஆட்கள் ஓடும் சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடியாகிவிட்டது. எனவே கேரோசல்தான். வாங்கப் போகும்போது தேவையில்லாத கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். கல்யாண கேசட்டைக் கொண்டுபோகாதீர்கள், டேப்பைக் கடித்துத் துப்பும் டெக்குகள் நிறைய உண்டு.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, ஸ்டோர்ரூமில் முப்பது வருடம் கிடந்த கேசட்டில் பூஞ்சை பிடிப்பது சகஜம். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் பிளேயரில் போடவே போடாதீர்கள். பொடி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்விடும். அவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டுகளை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் சுருள் தளரும். முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது.

கணினியில் 720க்கு 576 அளவில், ஹஃப்யூவ் போன்ற இழப்பில்லாத முறையில் பதிவு செய்யுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும், பரவாயில்லை. எடுக்கும்போதே எம்பி4 ஆக்கினால் டேப்பின் இரைச்சல்தான் முதலில் இடத்தைத் தின்னும், முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும். பிறகு, ஒவ்வொரு படத்திலும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் வரிகளைப் பிரித்து (டீஇன்டர்லேஸ்) நொடிக்கு 50 படமாக மாற்றினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 25 ஆக்கினால் டிவியில் பார்த்த அந்த உயிர் இருக்காது. குடும்பக் குழுவில் அனுப்ப ஒரு சின்ன எம்பி4 தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு வீடியோ கேமராவின் சின்ன ஹை8 கேசட்டுகளும் இருந்தால் இவ்வளவு வேலையில்லை. அவற்றை ஓட்டும் சோனி டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால், அதுவே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் என்ற பழைய வகை வயர் இணைப்பு வழியே அனுப்பிவிடும். ஃபயர்வயர் உள்ள பழைய கணினியைத் தேடுவதுதான் பாடு.

மூன்று நான்கு கேசட்தான் என்றால் கடையில் கொடுப்பதே மேல். என் சித்தி ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கிவந்தார். அகலத்திரைக்கு இழுத்ததில் மணப்பெண் முதல் புரோகிதர் வரை எல்லாரும் பத்துக் கிலோ கூடியிருந்தார்கள். அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: டிவிடி வேண்டாம், கோப்பாகத் தாருங்கள், 4:3 விகிதத்தை மாற்றாதீர்கள், கேசட்டையும் திருப்பிக் கொடுங்கள்.