தெளிந்த கைகள் செய்த மயக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள். உலகின் தலைசிறந்த சைக்கடெலிக் ராக் பாடல்களாம். கேட்டுப்பாருங்கள் அப்பா என்றாள். இளையராஜாவைத் தாண்டி அதிகம் போகாதவன் நான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கேட்டேன். சில பாடல்கள் பிடித்தன, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. சில பாடல்கள் முடியவே முடியாதோ என்று பயமாக இருந்தது. இவையெல்லாம் போதையில் செய்த பாட்டுகள், போதையில் கேட்டால்தான் பிடிபடும் என்கிறான் என் நண்பன். அப்படியானால் அறுபது வருஷம் கழித்தும் இந்தப் பாடல்கள் எப்படி நிற்கின்றன? மகளைப் பற்றிக் கொஞ்சம் கவலையும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கவலையை முதலில் முடித்துவிடுவோம். நானும் உங்கள் மகளின் வயதில் இதே பாடல்களைத்தான் கேட்டேன். ரெக்கார்டிங் கடையில் பிளாங்க் கேசட் கொடுத்து, துண்டுத்தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்த காலம் அது. அன்று எனக்கிருந்த ஒரே போதை ஹாஸ்டல் மெஸ்ஸின் டீ. அதிலும் பால் குறைவு. பாடல்கள் நன்றாகவே பிடிபட்டன.

உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. எல்.எஸ்.டி. என்ற மாயக்காட்சி காட்டும் போதைப்பொருள் இல்லாமல், அந்த மயக்கத்தை ஒலியில் காட்டப் பார்க்கிற இந்த சைக்கடெலிக் இசை பிறந்திருக்காது. ஆனால் பாட்டைச் செய்வது வேறு வேலை. 1967 மார்ச்சில் ஒரு நாள் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் ஒலிப்பதிவு நடுவே அதன் பாடகர் ஜான் லெனன் தெரியாமல் எல்.எஸ்.டி. மாத்திரையை விழுங்கிவிட்டார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு விஷயம் புரியவில்லை. பையனுக்கு மயக்கம் போலிருக்கிறது என்று, காற்று வாங்க மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். விஷயம் தெரிந்த மற்றவர்கள், விழுந்து தொலைக்கப்போகிறான் என்று மாடிக்கு ஓடினார்கள். அன்று லெனனால் பாட முடியவில்லை. உலகத்தையே மயக்கிய குழுவின் ஸ்டூடியோவில் போதை புகுந்த அன்றைக்கு வேலை கெட்டது.

என் கட்சி இதுதான்: நிற்கிற பாடல்கள் எல்லாம், மயங்கிய அனுபவத்தைத் தெளிந்த கைகள் செய்து கொடுத்தவை.

பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். 1966 ஏப்ரலில் பதிவானது, மூன்று நிமிடம்தான். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது இருபது, அந்தப் பொறுப்பில் அவருக்கு முதல் நாள். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் என் குரல் கேட்க வேண்டும் என்கிறார் லெனன். இதற்கு என்ன பொத்தானை அமுக்குவது? ஹாமண்ட் ஆர்கனுக்கென்று லெஸ்லி என்றொரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. உள்ளே மோட்டார் சுழலும், சத்தமும் கூடவே சுழலும். அந்தப் பெட்டி வழியாக லெனனின் குரலை விட்டார்கள். பாட்டின் இரண்டாம் பாதியில் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்பது அதனால்தான். டிரம் வாசிக்கும் ரிங்கோவின் பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஸ்டூடியோ விதியை மீறி மைக்கைக் கிட்டத்தில் வைத்தார்கள். குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னி வீட்டிலிருந்து சின்னச் சின்ன டேப் வளையங்கள் செய்துகொண்டு வந்தார், முனைகளை ஒட்டியதால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். பாட்டில் கடற்பறவை கத்துவதுபோல் ஒன்று கேட்கும், அது வேகம் கூட்டிய அவருடைய சிரிப்பு. ஐந்து வளையங்கள், ஐந்து மெஷின்கள், அதுவும் கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில். வெள்ளைக் கோட்டு போட்ட ஊழியர்கள் ஆளுக்கொரு பென்சிலால் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, இங்கே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றி இறக்கிக் கலந்தார்கள். அந்தக் கலவையை அவர்களாலேயே இன்னொரு முறை அப்படியே செய்திருக்க முடியாது.

அதில் உங்களுக்குப் பழகிய பொருள் ஒன்று இருக்கிறது. பாட்டு தொடங்கும்போது எழும் ரீங்காரம் தம்புரா. பாட்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டம். அடிக்கடி கார்டு மாற்றுவதுதான் பாட்டு என்று பழகிய மேற்கத்தியக் காதுக்கு அது தரை நழுவுவதுபோல் இருந்திருக்கும். கச்சேரிக்குப் போகிற நமக்கோ சுருதி ஓடிக்கொண்டிருந்தால்தான் உட்காரவே தோன்றும். ஏன் பிடித்தது என்று தெரியவில்லை என்றீர்களே, ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் நம்மிடமிருந்து போனதுதானே என்று மார்தட்ட வேண்டாம். தம்புரா போனது, ராகம் போகவில்லை. ரவி சங்கர் இதைச் சலிக்காமல் சொன்னார். போதையோடு தன் இசையைக் கேட்க வருவது அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

அவர் பெயர் வந்ததால் பேர்ட்ஸ் குழுவின் 'எய்ட் மைல்ஸ் ஹை'. 1965 கடைசியில் இவர்கள் ஊர் ஊராகப் பஸ்ஸில் போனபோது கூடவே ஒரு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன், மறுபக்கம் ரவி சங்கரின் சிதார். (கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர்.) கேட்டுக் கேட்டு ஊறி, குழுவின் ரோஜர் மெக்வின் தன் பன்னிரண்டு தந்தி கிடாரில் சாக்ஸஃபோன்போல வாசிக்கப் பார்த்தார். முழுசாக வரவில்லை. வராமல் போனதில் புதிதாக ஒன்று வந்தது. அது லண்டனுக்குப் போன விமானப் பயணம் பற்றிய பாட்டு. போதைப் பாட்டு என்று சொல்லிப் பல வானொலிகள் தள்ளிவைத்தன. விமானம் பறப்பது என்னவோ ஆறேழு மைல் உயரத்தில்தான். எட்டு என்றால் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டார்கள். கவிஞர்கள் எங்கும் அப்படித்தான்.

முடியவே முடியாதோ என்று பயந்தீர்களே, அந்தப் பயம் நியாயமானது. பாடகி கிரேஸ் ஸ்லிக் எழுதிய 'ஒயிட் ராபிட்' பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. கிரேட் சொசைட்டி என்ற தன் முதல் குழுவோடு அவர் மேடையில் பாடியது ஆறு நிமிடம். கீழைநாட்டுச் சாயலில் நீளமாக வாசித்த பிறகுதான் பாட்டுக்கே வருவார்கள். அப்புறம் ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற குழுவில் சேர்ந்து அதையே இரண்டரை நிமிடமாகப் பதிவு செய்தார். 1967-ல் வந்தது. உலகம் வைத்துக்கொண்டது இந்த இரண்டரை நிமிடத்தைத்தான். ஸ்பெயின் நாட்டு பொலேரோ தாளம், அணிவகுப்புபோல் தொடங்கி மெல்ல ஏறும். பல்லவி என்று எதற்கும் திரும்பி வராது, உச்சிக்குப் போனதும் நின்றுவிடும். போதை என்ற சொல்லே பாட்டில் கிடையாது. 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' என்ற சிறுவர் கதையில் வருகிற முயலும் கம்பளிப்பூச்சியும்தான். மாயக் காளான் தின்னும் கதையைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டு, வளர்ந்ததும் ஏன் இப்படிப் போனாய் என்று கேட்கிற பெற்றோரைச் சீண்டத்தான் எழுதினேன் என்றார் கிரேஸ் ஸ்லிக். கவலைப்படும் அப்பாக்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பற்றி ஒன்றே ஒன்று. லெனனுக்கு ஒரு பதிவின் முன்பாதி பிடித்தது, இன்னொன்றின் பின்பாதி பிடித்தது. இரண்டுக்கும் வேகம் வேறு, சுருதியும் வேறு. மார்ட்டினும் எமெரிக்கும் டேப் ஓடும் வேகத்தை மாற்றிப் பொருத்தி, வெட்டி ஒட்டினார்கள். அறுந்த கேசட்டை செலோ டேப் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் பாட்டு ஒரு குதி குதிப்பதைக் கேட்ட தலைமுறை நாம். சரியாக ஒரு நிமிடம் ஆகும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். காற்று மாறியதுபோல் இருக்கும்.

என் கட்சிக்கு அடங்காத ஆட்களும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' 1969-ன் மேடைப் பதிவு இருபத்துமூன்று நிமிடம். வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது. இருந்தும் நிற்கிறது. அங்கே ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் உன்னிப்பாகக் கேட்கிறார்கள். இதே அளவுக்கு நீட்டி முழக்கிய மற்ற பலரின் இசைத்தட்டுகளைத் தூசி தட்ட இன்று ஆளில்லை. அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் சிட் பாரெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1967 ஜூனில் அவர் எழுதிய 'சீ எமிலி ப்ளே' வந்தது. ஊஞ்சல்போல் ஆடுகிற பாட்டு. 1968 ஏப்ரலில் அவர் குழுவிலேயே இல்லை. மேடையில் கிடாரைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றிருந்த நாட்கள் உண்டு. எல்.எஸ்.டி. மட்டும்தான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. பிற்பாடு இசையை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் படம் வரைந்துகொண்டு, தோட்ட வேலை பார்த்துக்கொண்டு 2006 வரை இருந்தார். உங்கள் நண்பர் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

மறுபடி கேட்பதானால் போனின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம். மகளிடம் ஹெட்போன் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே அவள் பட்டியலில் 'ஒயிட் ராபிட்' எத்தனையாவது என்று பார்த்து எழுதுங்கள். பத்துக்குக் கீழே என்றால், பட்டியல் போட்டவரோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

அன்புடன்