கேனோ போலோவ ஆரம்பிச்சது யாரு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சீனாவுல செங்டுவுல நடந்த வேர்ல்ட் கேம்ஸ் (ஒலிம்பிக்ஸ்ல இல்லாத விளையாட்டுகளுக்கான போட்டி) வீடியோ ஒண்ணு யூடியூப்ல தானா வந்து நின்னுச்சு. கேனோ போலோன்னு போட்டிருந்தாங்க. ஆளுக்கு ஒரு குட்டிப் படகு, தலையில கம்பி போட்ட ஹெல்மெட், ஒருத்தன் பந்த கையில எடுத்த உடனே இன்னொருத்தன் வந்து அவன தோளப் பிடிச்சு தண்ணிக்குள்ள தள்ளி விடுறான், ரெஃபரி விசிலே அடிக்கல. தள்ளப்பட்டவனும் கோபப்படாம ரெண்டு செகண்டுல எந்திரிச்சு வந்து திரும்ப ஆடுறான். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா பார்க்கறத நிறுத்தவும் முடியல.

நீங்க யாரும் எழுதாத விளையாட்டுகளப் பத்தி எழுதுற ஆளுங்கறதால கேக்குறேன். இத கண்டுபிடிச்சது யாரு? நெட்டுல தேடினா ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பேரு வருது, வேற ஒரு இடத்துல ஜெர்மனின்னு வருது. என் ஃப்ரெண்டு, இது வாட்டர் போலோவ காப்பி அடிச்சு படகுல ஏத்துனது, இதுல முன்னோடின்னு சொல்ல யாரு இருக்காங்கறான். அப்புறம் ஒலிம்பிக்ஸ்ல ஏன் இல்ல? நேரம் இருந்தா எழுதுங்க.

உங்கள் வாசகன்,
தூத்துக்குடி

---

அன்புள்ள தம்பிக்கு,

கூடைப்பந்துன்னா ஜேம்ஸ் நெய்ஸ்மித்துன்னு ஒரு பிடி வாத்தியார், 1891 டிசம்பர், ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஊர் பேரு மாசத்தோட சொல்லிடலாம். கேனோ போலோவுக்கு அப்படி ஒரு ஆளு கிடையாது, அதனாலதான் நெட்டுல உங்களுக்கு ஆளுக்கொரு பேரு வருது. நீங்க வீடியோவுல பார்த்து மிரண்டுபோனீங்களே, தள்ளி விடுறான், அவன் எந்திரிச்சு வர்றான்னு, அதுலதான் என்னோட பதிலே இருக்கு. பந்து வச்சிருக்கிறவன தள்ளுறது இந்த ஆட்டத்துல தப்பில்ல, அது முறையான டேக்கிள். விரிச்ச கையால தோளுலயோ முதுகுலயோ விலாப்பக்கமோ தள்ளலாம். தள்ளுப்பட்டவனுக்கு தலைகீழா கவுந்தா படக விட்டு வெளிய வராம அப்படியே உருண்டு மேல வரத் தெரியும்ங்கற நம்பிக்கையில எழுதின சட்டம் இது. அந்த வித்தை இல்லன்னா இது விளையாட்டே இல்ல, கொலை முயற்சி.

அதனால யாரு முன்னோடின்னு என்னக் கேட்டா நான் முதல்ல கிரீன்லாந்துக்குத்தான் போவேன். அங்க இன்யூட்ங்கற பூர்வகுடி வேட்டைக்காரங்க சீல் வேட்டைக்கு கயாக்குங்கற ஒத்த ஆளு தோல் படகுல போவாங்க, உறைஞ்சு போற தண்ணி, படகு கவுந்து ஆளு வெளிய விழுந்தா கொஞ்ச நேரத்துல குளிரே கொன்னுடும். அதனால அவங்க தோல் சட்டையோட விளிம்ப படகோட வாய்ல இறுக்கிக் கட்டிக்கிட்டு, கவுந்தாலும் உள்ளயே உக்காந்துக்கிட்டு துடுப்பாலயோ, துடுப்பு போயிட்டா வெறுங்கையாலயோ கூட உருண்டு நிமிர்ந்து வர்றத தலைமுறை தலைமுறையா பழகி வச்சிருந்தாங்க. ஐரோப்பாவுல 1927 வரைக்கும் இத செஞ்சவங்கன்னு யாரையும் சொல்றதில்ல, அந்த வருஷம்தான் எடி ஹான்ஸ் பாவ்லாட்டான்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் பயணிங்க எழுதி வச்ச குறிப்புகளப் படிச்சே தானா முயற்சி பண்ணி உருண்டு காட்டுனாரு, இன்னைக்கும் அந்த முறைக்கு பாவ்லாட்டா ரோல்னுதான் பேரு. ஜீனோ வாட்கின்ஸ்ங்கற இங்கிலீஷ் இளைஞர் 1930ல கிரீன்லாந்துக்குப் போயி அந்த மக்ககிட்டயே நேரா கத்துக்கிட்டாரு, 1932ல அங்கயே தனியா கயாக்குல வேட்டைக்குப் போனவரு திரும்பி வரல, அப்ப வயசு 25 தான். இந்த ரெண்டு பேரும் பந்து விளையாட்டப் பத்தி நினைச்சிருக்கவே மாட்டாங்க. ஆனாலும் நீங்க பார்த்த மேட்ச்ல ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் நடக்கறது அவங்க கொண்டு வந்த சரக்குதான்.

அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்ரெகரா இருக்கணும். அவரு கதைய ஒரு தனி பதிவாவே எழுதலாம். 1825ல பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தையா, பட்டாளத்து அதிகாரியா இருந்த அப்பா அம்மாவோட வங்காளத்துக்குக் கிளம்பின 'கென்ட்'ங்கற கப்பல்ல இருக்காரு, பிஸ்கே விரிகுடாவுல கப்பல் தீப்பிடிச்சு எரியுது, வேற கப்பல் வந்து காப்பாத்துது. பெரிய ஆளாகி வக்கீலாகி 1865ல லண்டன்ல ஒரு படகு கட்டச் சொல்றாரு, ஓக் மரம், மேல்தட்டு சீடர் மரம், நீளம் 15 அடி, அதுக்கு பேரு ராப் ராய். ரெண்டு பக்கமும் அலகு வச்ச துடுப்ப எடுத்துக்கிட்டு ஒத்த ஆளா ஐரோப்பாவோட ஆறு ஏரியெல்லாம் சுத்திட்டு வந்து புக்கு எழுதுறாரு, 1866ல அது வந்தவுடனே இங்கிலாந்துல ஆளாளுக்கு ராப் ராய் படகு வேணும்னு கிளம்பிட்டாங்க. அதே வருஷம் கேனோ கிளப் ஒண்ணும் ஆரம்பிச்சாரு, 1873ல அது ராயல் கேனோ கிளப் ஆயிடுச்சு. போற இடமெல்லாம் மதப் பிரசங்கத் துண்டு நோட்டீஸ் வேற குடுத்துக்கிட்டே போனவரு, புக்கு வருமானத்த தர்மத்துக்குக் குடுத்தவரு, விசித்திரமான மனுஷன்.

அவர் கேனோ போலோவக் கண்டுபிடிச்சாருன்னு சொல்றது அதிகப்படி. 1880 வாக்குல ஸ்காட்லாந்துல க்ளைட் கரையோரம் ஹண்டர்ஸ் குவேங்கற இடத்துல பீப்பாய் மேல உக்காந்து, ராப் ராய் மாதிரி துடுப்பு வச்சுக்கிட்டு பந்து விளையாடுற காட்சி அந்தக் காலப் பத்திரிகைப் படத்துல இருக்கு, அதனால அவரு பேரு இந்த வரலாற்றுல ஒட்டிக்கிச்சு. அவரு செஞ்ச பெரிய வேலை வேற. அதுவரைக்கும் கேனோங்கறது அந்த நாட்டுக்காரங்களுக்கு தூர தேசத்து மக்களோட பிழைப்புக்கான சாமான். அத ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா, கிளப்பு வச்சு ஆடுற விஷயமா மாத்துனது அவருதான். பொழுதுபோக்கா ஆனாத்தான் எவனாவது ஒருத்தன் நடுவுல ஒரு பந்தத் தூக்கிப் போடுவான்.

சரி, 1880லயே ஆடினாங்கன்னா அப்புறம் ஏன் தொண்ணூறு வருஷம் சும்மா கிடந்துச்சு? இதுக்கு எல்லாரும் ஆர்வம் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, நான் படகுதான் காரணம்னு நினைக்கிறேன். 1920கள்ல ஜெர்மனியில ஆடிப் பார்த்திருக்காங்க, பிரான்ஸ்லயும் ஆடியிருக்காங்க. ஆனா அந்தக் காலத்துப் படகு என்னன்னா மரம், இல்லன்னா மரச்சட்டத்து மேல கேன்வாஸ் இழுத்துக் கட்டினது, மடிச்சு ரயில்ல தூக்கிட்டுப் போற க்ளெப்பர் மாதிரி படகெல்லாம் அப்ப ரொம்ப பிரபலம். நீளமா இருக்கும், மூக்கு கூரா இருக்கும், பக்கத்துப் படகுல வேகமா மோதுனா துணி கிழியும், ஆளு மேல பட்டா விலா எலும்பு போகும். அத வச்சு எப்படி தம்பி மோதி விளையாடுறது? மெதுவா பந்தத் தூக்கிப் போட்டு சிரிச்சுக்கிட்டே ஆடுற பிக்னிக் ஆட்டமாத்தான் இருந்திருக்க முடியும்.

அத மாத்துனது ஃபைபர்கிளாஸ். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அது சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சு, ஒரு அச்சு இருந்தா போதும், கார் ஷெட்டுல, பள்ளிக்கூடத்து கைத்தொழில் ரூம்ல, கிளப்புக்குப் பின்னாடி இருக்கற கொட்டகையில பிசினத் தடவி படகு எடுத்துடலாம், அச்ச பக்கத்து கிளப்புக்கு கடன் குடுக்கலாம். இந்த இடத்துல ஒரு பேரு சொல்லணும்னா ஆலன் பைட். வாத்தியார் மனசுள்ள மனுஷன், படகு வடிவமைக்கறது, ஃபைபர்ல எப்படிக் கட்டறதுன்னு ஜனங்களுக்குப் புரியுற மாதிரி எழுதி வச்சாரு. இங்கிலாந்துல குளிர்காலத்துல ஆத்துல இறங்குனா விறைச்சுப் போயிடும், அதனால பசங்களுக்கு ரோல் சொல்லித்தர ஊர் நீச்சல் குளத்த சாயங்காலம் வாடகைக்கு எடுப்பாங்க. ஆனா நீளமான கூர் மூக்குப் படகு அங்க ஆகாது, குளத்து டைல்ஸையும் உடைக்கும், பக்கத்துப் பையன் மண்டையையும் உடைக்கும். அதுக்காக பைட் போட்ட வடிவம்தான் பேட், பாத்ஸ் அட்வான்ஸ்ட் ட்ரெய்னர்ங்கறதோட சுருக்கம், பாத்ஸ்னா அங்க நீச்சல் குளம். குட்டையான படகு, மூக்கும் வாலும் மொழுக்குன்னு உருண்டையா இருக்கும், ஒரே இடத்துல சுத்தித் திரும்பும்.

இது விளையாட்டுக்குன்னு செஞ்ச படகில்ல, பாடம் நடத்தச் செஞ்சது, கவனிங்க. ஆனா ஒரு குளத்துல பத்துப் பதினஞ்சு பசங்க, ஆளுக்கொரு மோதினாலும் வலிக்காத படகு, வாரா வாரம் ரோல் ரோல்னு அதையே செஞ்சு சலிச்சுப் போயிருக்காங்க. பந்தத் தூக்கிப் போட்டா ரோல் தானா வந்துடும், பயிற்சின்னே தெரியாது. பிரிட்டிஷ் கேனோ யூனியன்ல இருந்தவங்களுக்கும் இது ஆளு சேர்க்கற வழியாத் தெரிஞ்சுது. 1970ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த கேனோ கண்காட்சியில அங்க இருந்த நீச்சல் குளத்துலயே போட்டியா நடத்திக் காட்டுனாங்க. படகு வாங்க வந்தவன், துடுப்பு பார்க்க வந்தவன் எல்லாம் கேலரியில உக்காந்து கத்த ஆரம்பிச்சுட்டான். ஆத்துப் பந்தயத்துல படகு உங்க முன்னாடி இருபது செகண்டுல கடந்து போயிடும். இது மூணு மீட்டர் பக்கத்துல மோதிக்கிட்டே இருக்கற ஆட்டம். நவீன கேனோ போலோவுக்கு பிறந்தநாள்னு ஒண்ணு வச்சே ஆகணும்னா நான் அந்தக் குளத்தத்தான் வைப்பேன்.

உங்க ஃப்ரெண்டு சொன்ன காப்பி விஷயம். வாட்டர் போலோவுக்கு வில்லியம் வில்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சட்டம் எழுதினது 1877ல, ஹண்டர்ஸ் குவேல பீப்பாய் மேல ஆடினது அதுக்கு மூணு வருஷம் தள்ளி, அதே ஸ்காட்லாந்து. ரெண்டும் ஒரே காலத்து ஜனங்க தண்ணியில பந்த வச்சு என்ன பண்ணலாம்னு பார்த்ததுல வந்ததுதான். இன்னைக்கும் பந்து வாட்டர் போலோ பந்துதான், அதுவரைக்கும் அவரு சொல்றது சரி. ஆனா ஆடுற விதத்துல பார்த்தா பேஸ்கட்பால் பக்கம்தான் நெருக்கம், கோல் தண்ணிக்கு மேல ரெண்டு மீட்டர் உயரத்துல தொங்குது, ஒண்ணரை மீட்டர் அகலம் ஒரு மீட்டர் உயரம், தற்காப்பு ஆளுங்க கோலச் சுத்தி வளையமா நிக்கறாங்க, அடிக்கற டீம் பந்த வெளிய சுத்திச் சுத்தி பாஸ் பண்ணி ஓட்டை தேடுது.

பரவின கதைக்கு வருவோம், முன்னோடிங்கற வார்த்தைக்கு நிஜமா தகுதியானவங்க இங்கதான் இருக்காங்க. எண்பதுகள் வரைக்கும் நாட்டுக்கு நாடு வேற வேற சட்டம். இங்கிலீஷ்காரனுக்கு மூடின குளமும் குட்டைப் படகும், ஜெர்மன்காரனுக்கும் பிரான்ஸ்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் அவனவன் ஏரி, கால்வாய், அவனவன் வழக்கம். ரெண்டு நாட்டு டீம் சேர்ந்து ஆடணும்னா முதல்ல எந்தப் படகு, எந்த கோல்னு பேசியே பாதி நாள் போயிடும். இத உக்காந்து பேசி ஒண்ணாக்கினவங்க கிளப்பு செயலாளருங்க, ரெஃபரிங்க, வார நாள்ல வேற வேலை பார்த்தவங்க, ஒருத்தருக்கும் சிலை இல்ல. ஒவ்வொரு நாடும் தன் ஊர்ல வழக்கமா இருந்தத கொஞ்சம் விட்டுக் குடுத்துச்சு. இங்கிலீஷ்காரன் தன் குளத்த விட்டுட்டு திறந்த தண்ணிக்கு வந்தான், மத்தவங்க குட்டைப் படகுக்கு வந்தாங்க. 35 மீட்டருக்கு 23 மீட்டர் ஆடுகளம், பக்கத்துக்கு அஞ்சு பேரு, பெஞ்சுல மூணு பேரு, பத்து பத்து நிமிஷமா ரெண்டு பாதி, பந்த அஞ்சு செகண்டுக்கு மேல கையில வச்சிருக்கக் கூடாது, படகு மூணு மீட்டருக்கு மேல போகக் கூடாது, மூக்குலயும் வாலுலயும் மெத்தை இருக்கணும், எதிராளி கை பந்துல இருக்கும்போது துடுப்ப அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது. கடைசிச் சட்டம் ரொம்ப முக்கியம், நம்ம வீட்டு அடுப்படியில அருவாமணைய நிமித்தி வச்சுட்டுப் போகாதன்னு அம்மா சொல்ற மாதிரி, ஒரு தடவை விரல் போனதுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி சட்டமெல்லாம் வரும்.

1994ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல முதல் உலக சாம்பியன்ஷிப். ஆண்கள் பட்டத்த எங்கயோ இருக்கற ஆஸ்திரேலியாக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்! எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒரு ஆட்டம் பரவிடுச்சுங்கறதுக்கு ஆரம்பிச்சவன் சொந்த ஊர்லயே தோக்கறத விட நல்ல அத்தாட்சி என்ன இருக்கு? அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடிலெய்ட், சாவ் பாவ்லோ, எஸ்ஸென், ஆம்ஸ்டர்டாம், எட்மண்டன்னு சுத்துச்சு. 2014ல நார்மண்டியில தூரி ஆர்கூர்ங்கற, மொத்தமே ரெண்டாயிரம் பேரு இருக்கற ஊர்ல உலக சாம்பியன்ஷிப்பே நடத்திட்டாங்க. நம்ம பக்கம் பெரிய கிராமம்னாலே அதுக்கு மேல ஜனம் இருக்கும். பிரான்ஸ்ல இந்த ஆட்டம் தலைநகரத்துல வளரல, ஆத்தோரச் சின்ன ஊர் கிளப்புகள்லதான் வளர்ந்துச்சு, அதுக்கு இதுவே சாட்சி. 2005ல ஜெர்மனியோட டூயிஸ்பர்க் வேர்ல்ட் கேம்ஸ்ல சேர்த்தாங்க, 2009ல தைவான் காவ்ஷியுங்ல தாமரைக்குளத்துல ஆடினாங்க, நீங்க பார்த்த செங்டு அந்த வரிசையில வந்தது.

ஒலிம்பிக்ஸ் கேட்டீங்க. கேனோ கயாக்குல நேர்பந்தயம் 1936லயே உள்ள போயிடுச்சு, ஸ்லாலம், அதாவது வேகமா ஓடுற தண்ணியில கம்பங்களுக்கு நடுவுல பூந்து போற பந்தயம், 1972 மியூனிக்ல. 2024 பாரிஸ்ல புதுசா ஒண்ணு சேர்த்தாங்க, அது கயாக் கிராஸ், அது டீம் ஆட்டமில்ல, தனி ஆளுங்க போட்டி, ஏற்கனவே ஸ்லாலத்துக்கு வந்திருக்கற ஆளுங்களே அதுலயும் இறங்கிடலாம். போலோன்னா ஒரு டீமுக்கு எட்டு பேரு, ஆண்கள் பெண்கள்னு ரெண்டு போட்டி, குறைஞ்சது எட்டு நாடுன்னு வச்சாலே 128 வீரர்கள் ஆச்சு. ஒலிம்பிக்ஸ்ல மொத்த வீரர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கு, அந்த இடத்த வேற யாருகிட்ட இருந்து பிடுங்கறது? சர்வதேச கேனோ சம்மேளனமே தன் பழைய பந்தயங்களோட இடத்தக் குறைக்க ஒத்துக்கணும், அது லேசுல நடக்காது. எனக்கு அதுல பெரிய வருத்தம் இல்ல, தம்பி. போலோ கிளப்புகள் இன்னமும் வீரர்களே கோல் கம்பத்தத் தூக்கி நட்டு, ஆடாத டீம் ஆளுங்களே மத்த மேட்ச்சுக்கு ரெஃபரியா நிக்கற பழக்கத்தோட இருக்கு, ஒலிம்பிக் காசு வந்தா அது போயிடுமோன்னு ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. உங்க ஃப்ரெண்டு ஒத்துக்க மாட்டாரு, பரவாயில்ல.

அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது கோலுக்குக் கீழ நிக்கற கீப்பரப் பாருங்க. பந்து பக்கமே பார்த்துக்கிட்டு துடுப்ப செங்குத்தா மேல தூக்கிப் பிடிச்சபடி, சுத்தி படகுங்க நெருக்கிக்கிட்டு இருக்கறப்ப இடுப்பாலேயே படக அங்கயே நிறுத்தி வைப்பாங்க. செங்டு வீடியோவுலயே பெண்கள் மேட்ச் இருக்கும், அதுல இது இன்னும் தெளிவாத் தெரியும். பார்த்துட்டு எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்